ஸ்வெத்லானா: ஒரு பெயர் பெற்ற விடுதலை

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சோவியத் இலக்கியத்தை வாசித்தவர்களுக்கு ஸ்வெத்லானா என்ற பெயர் அந்நியமானதல்ல. விண்வெளி வீராங்கனை ஸ்வெத்லானா சவீத்ஸ்காயா, நோபல் பரிசு பெற்ற பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் ஆகியோர் உலகறிந்தவர்கள். பழைய ரஷ்யாவின் காடுகளிலும் கிராமங்களிலும் ஆயிரம் ஆண்டுகளாகப் புழங்கிவரும் பெயர் இது என்றே கேட்பவர்கள் எண்ணுவர். உண்மை வேறு. 1802ஆம் ஆண்டுக்கு முன் இந்தப் பெயரே இருக்கவில்லை. 1917க்கு முன் எந்த ரஷ்யத் தேவாலயத்திலும் ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பெயரைச் சூட்ட வழி இருக்கவில்லை. ஒரு சொல் பிறந்து, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாசலில் காத்திருந்து, புரட்சிக்குப் பிறகே மனிதர்களின் பெயராக ஆனது. எதற்காகக் காத்திருந்தது? யார் அதைத் தடுத்தார்கள்? அந்தத் தடை எவ்வாறு நீங்கியது? இக்கேள்விகளுக்கான விடை ஒரு பெயரின் கதையோடு முடிந்துவிடுவதில்லை. பெயர் வைக்கும் அதிகாரம் யாருடையது என்ற கேள்விக்கும் அது விடையாகிறது.

சொல்லின் வேர்

ரஷ்ய மொழியில் 'ஸ்வெத்' என்றால் ஒளி. அதே சொல்லுக்கு உலகம் என்ற பொருளும் உண்டு. 'ஸ்வெத்லி' என்றால் ஒளிமிக்கது. அதிலிருந்து அமைந்ததே ஸ்வெத்லானா. இந்த வேர்ச்சொல் நமக்குத் தொலைவானதல்ல. வடமொழியில் வெண்மையைக் குறிக்கும் 'சுவேத' என்ற சொல்லும் ரஷ்யரின் 'ஸ்வெத்' என்ற சொல்லும் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இந்திய வீடுகளில் சுவேதா என்று அழைக்கப்படும் பெண்ணும் மாஸ்கோவில் ஸ்வெத்லானா என்று அழைக்கப்படும் பெண்ணும் பெயரளவில் உறவினர். வெண்மையும் ஒளியும் ஒரே வேரில் நிற்பது அந்த மொழிக் குடும்பத்துக்கு மட்டும் உரியதுமல்ல. தமிழில் வெள்ளை, வெள்ளி, வெளிச்சம் ஆகிய சொற்கள் ஒரே வேரிலிருந்து வந்தவை.

தந்தை பெயர் மறுக்கப்பட்ட இருவர்

இந்தப் பெயரை உருவாக்கியவர் அலெக்சாந்தர் வஸ்தோகவ். 1802இல் அவர் எழுதிய 'ஸ்வெத்லானாவும் மிஸ்திஸ்லாவும்' என்ற காதல் கவிதையில் இப்பெயர் முதன்முதலாக வருகிறது. பழைய ஸ்லாவிய இளவரசர்களின் காலத்தில் நடப்பதாக அமைந்த கதை அது. கதைத்தலைவனுக்கு மிஸ்திஸ்லாவ் என்ற பழைய பெயர் கிடைத்தது. தலைவிக்கு அவரே ஒன்றை ஆக்கிக்கொண்டார். வஸ்தோகவ் சாதாரணமாகச் சொற்களை அடுக்கிய கவிஞர் அல்லர். பிற்காலத்தில் ஸ்லாவிய மொழியியலின் முன்னோடிகளில் ஒருவராகப் போற்றப்பட்டவர். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒஸ்திரமீர் நற்செய்திச் சுவடியை 1843இல் பதிப்பித்தவர். ஆகவே அவர் ஆக்கிய பெயர் மொழியின் இயல்போடு முழுமையாகப் பொருந்தியது. கேட்டவர்கள் அதைத் தொன்மையான பெயராகவே ஏற்றுக்கொண்டனர்.

வஸ்தோகவின் சொந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பால்டிக் கடல் தீவொன்றில் 1781இல் பிறந்த அவர், ஒஸ்தென்-சாகென் என்ற ஜெர்மானியப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவரின் மகன். ஆனால் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். எனவே தந்தையின் குடும்பப் பெயரைத் தாங்கும் உரிமை அவருக்கு இல்லை. ஒஸ்தெனெக் என்ற வேறொரு பெயர் அவருக்கு இடப்பட்டது. 'ஒஸ்த்' என்றால் ஜெர்மன் மொழியில் கிழக்கு. கிழக்குக்கான ரஷ்யச் சொல் 'வஸ்தோக்'. தனக்கு இடப்பட்ட பெயரை மொழிபெயர்த்து வஸ்தோகவ் என்று அவரே தன்னை அழைத்துக்கொண்டார்.

வஸ்தோகவ் ஆக்கிய பெயரை நாடெங்கும் கொண்டுசென்றவர் வசீலி ழுக்கோவ்ஸ்கி. 1813இல் வெளிவந்த அவருடைய 'ஸ்வெத்லானா' கதைப்பாடல் ரஷ்ய வாசகர்களின் மனப்பாடமாயிற்று. பனிக்காலத் திருநாள் இரவில் கன்னிப் பெண்கள் குறி பார்க்கிறார்கள். நள்ளிரவில் மெழுகுவத்தி ஒளியில் கண்ணாடிமுன் அமர்கிறாள் ஸ்வெத்லானா. நெடுநாளாகச் செய்தி இல்லாத காதலன் வந்து சறுக்குவண்டியில் அழைத்துச் செல்வதாகவும், வழியின் முடிவில் சவப்பெட்டியில் அவனையே காண்பதாகவும் கனவு காண்கிறாள். விழித்தபோது காதலன் உயிரோடு வந்து நிற்கிறான். ஜெர்மானியக் கவிஞர் பியூர்கரின் 'லெனோர்' கதைப்பாடலில் நாயகியைச் சாவு கொண்டுசெல்கிறது. ழுக்கோவ்ஸ்கி அந்த முடிவை மாற்றி, இருளைக் கனவாக்கி, விடியலை மெய்யாக்கினார். புஷ்கின் தமது 'எவ்கேனி அனேகின்' காவியத்தின் ஐந்தாம் இயலுக்கு முகப்பு வரிகளை இக்கதைப்பாடலிலிருந்தே எடுத்தார். ஓவியர் பிரியுல்லோவ் 1836இல் கண்ணாடிமுன் அமர்ந்த ஸ்வெத்லானாவைத் தீட்டினார்.

ழுக்கோவ்ஸ்கியும் திருமணத்துக்கு வெளியே பிறந்தவரே. தந்தை புனின் என்ற நிலப்பிரபு. தாய் சால்ஹா, ரஷ்ய - துருக்கிப் போரில் சிறைப்பிடிக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்ட துருக்கியப் பெண். தந்தையின் வீட்டிலேயே வளர்ந்த அந்த மகன், ஞானத்தந்தையான ழுக்கோவ்ஸ்கி என்ற ஏழைக் குடியானவரல்லாத, ஆனால் அந்த வீட்டை அண்டி வாழ்ந்த ஒருவரின் பெயரையே தன் பெயராகக் கொள்ள நேர்ந்தது.

இவ்விருவரும் விதிவிலக்குகள் அல்லர். பிரபுக்கள் தமது 'முறையற்ற' மக்களுக்குக் குடும்பப் பெயரின் தலையை வெட்டி வாலைக் கொடுப்பது அன்றைய வழக்கம். த்ருபெத்ஸ்கோயின் மகன் பெத்ஸ்கோய் ஆனார். ரெப்னினின் மகன் ப்னின் ஆனார். அந்த இவான் ப்னின், வஸ்தோகவ் உறுப்பினராக இருந்த பீட்டர்ஸ்பர்க் இலக்கியக் கழகத்தைச் சேர்ந்தவர். பின்னர் அதன் தலைவரானவர். முறைகேடாகப் பிறந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளைச் சட்டம் கைவிடுவதைக் கண்டித்து அவர் ஜார் மன்னரிடம் ஒரு முறையீட்டு நூலை அளித்தார். அதை அவர் எழுதிய ஆண்டும் 1802. ஸ்வெத்லானா என்ற பெயர் பிறந்த அதே ஆண்டு. முறையீடு வீணாயிற்று. பின்னர் தோன்றிய அலெக்சாந்தர் ஹெர்ஸன் என்ற மாபெரும் புரட்சிகர ஜனநாயகவாதியும் தந்தையின் பெயரைத் தாங்க இயலாதவராகவே வளர்ந்தார். லெனின் 1912இல் யாருடைய நினைவைப் போற்றிக் கட்டுரை எழுதினாரோ, அவரேதான் அந்த ஹெர்ஸன்.

திருச்சபையின் பட்டியல்

கதைப்பாடல் இவ்வளவு புகழ் பெற்றிருந்தும் ரஷ்யப் பெற்றோர் ஏன் தம் பெண்களுக்கு ஸ்வெத்லானா என்று பெயரிடவில்லை? இட முடியாது என்பதே காரணம். 988இல் கீவ் இளவரசர் விளாதிமிர் கிறித்துவத்தை ஏற்றபின், பெயர்கள் திருச்சபையின் புனிதர் நாட்காட்டியிலிருந்தே வரவேண்டும் என்ற முறை படிப்படியாக நிலைபெற்றது. பழைய ஸ்லாவியப் பெயர்களில், புனிதராக அறிவிக்கப்பட்டவர்கள் தாங்கியவை மட்டுமே பிழைத்தன. விளாதிமிர் என்ற பெயர் அவ்வாறு பிழைத்தது. ஸ்வெத்லானா என்ற புனிதர் எவரும் இல்லை. எனவே அப்பெயருக்கு நாட்காட்டியில் இடமில்லை. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றின் பதிவேடும் பாதிரியாரின் கையில் இருந்தது. அவர் எழுதாத பெயர் சட்டத்தின் கண்ணில் பெயரே அல்ல.

பட்டியலுக்குள்ளும் வர்க்கப் பிரிவினை இருந்தது. உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அன்றைய நாளுக்குரிய புனிதரின் பெயரைப் பாதிரியார் சூட்டினார். அகுலினா, ஃபியோக்லா போன்ற பெயர்கள் குடிசைகளுக்கு உரியவையாயின. காதுக்கினிய கிரேக்கப் பெயர்கள் சில எளிய மக்களிடம் மட்டுமே வழங்குவதைப் புஷ்கினே அனேகின் காவியத்தின் குறிப்பொன்றில் சுட்டியிருக்கிறார். அந்தப் பெயரும் உழவனுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. இவான் என்பவன் ஆண்டைக்கு முன் 'வான்கா'. ஸ்தெபானிதா என்பவள் 'ஸ்த்யோஷ்கா'. மனுக்களில் இவ்வாறு பெயரைக் குறுக்கிக் கையொப்பமிடுவதை முதலாம் பீட்டர் 1701ஆம் ஆண்டின் இறுதியில் தடைசெய்தார். தாளில் வந்த மாற்றம் பண்ணைக்குள் வரவில்லை. மனிதர்கள் தம்மைப் பெயரால் அழைத்துக்கொள்ள முடியாமல் இழிவான குறுக்கங்களால் அழைத்துக்கொள்ளும் நாடு இது என்று விமர்சகர் பெலின்ஸ்கி 1847இல் கொகோலுக்கு எழுதிய கடிதத்தில் குமுறினார். அக்கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியது, 1849இல் தஸ்தயேவ்ஸ்கிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதற்கான குற்றச்சாட்டுகளில் ஒன்று. அத்தண்டனை கொலைக்களத்தில் கடைசி நேரத்தில் சைபீரியக் கடுங்காவலாக மாற்றப்பட்டது. பெயரைப் பற்றிய ஒரு கோபம் அரசுக்கு எவ்வளவு அச்சமூட்டியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த நிலையில் ஸ்வெத்லானா என்ற பெயர் மனிதர்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சூட்டப்பட்டது. 1858இல் ஒரு போர்க்கப்பல் அப்பெயரைப் பெற்றது. அதே பெயர் கொண்ட பிந்தைய கப்பல் ஒன்று 1905இல் சுஷிமா கடற்போரில் மூழ்கியது. பீட்டர்ஸ்பர்க்கின் ஐவாஸ் ஆலை, முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் மின்விளக்குகளை ஸ்வெத்லானா என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கியது. ஒளிவிளக்கைக் குறிக்கும் ரஷ்யச் சொற்களின் முதலெழுத்துகளும் அந்தப் பெயரோடு பொருந்தி நின்றன. பின்னாளில் சோவியத் அரசின் தலைவரான கலீனின் தொழிலாளியாக வேலை பார்த்த ஆலை அது. கப்பலுக்கும் விளக்குக்கும் சூட்டலாம்; அந்த விளக்கைச் செய்த தொழிலாளி தன் மகளுக்குச் சூட்டக்கூடாது. ஜார் ஆட்சியின் நியாயம் இவ்வாறு இருந்தது.

1917 டிசம்பர் ஆணை

புரட்சி வென்று இரண்டு மாதங்கள் முடிவதற்குள், 1917 டிசம்பர் 18 அன்று, பழைய நாட்காட்டியின்படி, சோவியத் அரசு குடிமைத் திருமணம், குழந்தைகள், பதிவேடுகள் பற்றிய ஆணையைப் பிறப்பித்தது. பிறப்புப் பதிவு பாதிரியாரின் கையிலிருந்து குடிமை அலுவலகத்துக்கு வந்தது. அடுத்த மாதமே திருச்சபை அரசிலிருந்தும், பள்ளி திருச்சபையிலிருந்தும் பிரிக்கப்பட்டன. குழந்தையின் பெயர் பெற்றோரின் முடிவாயிற்று.

அதே டிசம்பர் ஆணையில் மற்றொரு விதியும் இருந்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகள், பெற்றோர் மீதான உரிமையிலும் கடமையிலும் திருமணத்தில் பிறந்த குழந்தைகளுக்குச் சமமானவர்கள் என்று அது அறிவித்தது. 1802இல் இவான் ப்னின் மன்னரிடம் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காததை, 115 ஆண்டுகளுக்குப் பின் உழைக்கும் மக்களின் அரசு ஒரே விதியில் வழங்கியது. தந்தை பெயர் மறுக்கப்பட்ட இருவர் உலகுக்கு அளித்த பெயரும், அவர்களைப்போல் பிறந்த குழந்தைகளும் ஒரே ஆணையால் விடுதலை பெற்றது வரலாற்றின் தற்செயல் அல்ல. இரண்டையும் பூட்டி வைத்திருந்தது ஒரே பூட்டு. நிலமும் திருச்சபையும் குடும்பச் சொத்தும் சேர்ந்து செய்த பூட்டு அது. 1918 மார்ச்சில் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமையும், 1924இல் முதற்பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமையும் குடிமக்களுக்குக் கிடைத்தன.

உடனே ஒரு பெயர்ப் பெருக்கம் ஏற்பட்டது. விளாதிமிர் லெனினைச் சுருக்கி விளாத்லென்; லெனினைத் தலைகீழாக்கி நினேல்; இளைஞர் அகிலத்தின் முதலெழுத்துகளால் கிம்; அக்டோபரை வைத்து அக்தியாப்ரினா. மின்மயமாக்கல் என்பதையே பெயராகச் சூட்டியவர்களும் உண்டு. அந்த ஆர்வத்தை எள்ளி நகையாடுவது எளிது. தலைமுறை தலைமுறையாகப் பெயர் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதிருந்த மக்கள் முதன்முறையாக அந்த உரிமையைக் கையாண்டதையே அதில் காணவேண்டும். எனினும் காலப்போக்கில் அவற்றில் பல உதிர்ந்தன. ஸ்வெத்லானா நின்றது, 1930களில் பரவியது, போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் நாட்டின் மிகப் பரவலான பெண்பெயர்களுள் ஒன்றாயிற்று.

ஏன் இந்த வேறுபாடு? மின்மயமாக்கல் திட்டம் நிறைவேற்றப்படலாம். கட்டளையால் ஒரு சொல்லைத் தாலாட்டில் ஏற்ற முடியாது. ஸ்வெத்லானா ஏற்கெனவே மொழியில் வேர்விட்டு, மக்கள் நாவில் இருந்தது. புரட்சி அதைப் படைக்கவில்லை. அதன் முன்னிருந்த வேலியை அகற்றியது. 1920 அக்டோபரில் இளம் கம்யூனிஸ்ட் கழக மாநாட்டில் லெனின் வலியுறுத்தியது இதனோடு ஒத்தது. பாட்டாளி வர்க்கப் பண்பாடு வானத்திலிருந்து குதித்து வருவதல்ல. மனிதகுலம் முன்பு திரட்டிய அறிவுச் செல்வத்தைக் கையகப்படுத்தி வளர்த்தெடுப்பதே அது என்றார் அவர். அரசவைக்கு நெருக்கமாக வாழ்ந்து, இளவரசருக்கு ஆசிரியராக இருந்த ழுக்கோவ்ஸ்கி புரட்சியாளர் அல்லர். அவர் பரப்பிய பெயரை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். கிராமங்களில் முதல் மின்விளக்கு 'இலியீச் விளக்கு' என்று அழைக்கப்பட்ட காலம் அது. ஒளி என்ற பொருள்கொண்ட பெயருக்கு அக்காலம் புதிய பொருளைத் தந்தது. ஸ்வெத்லானா என்ற போர்க்கப்பல் 1925இல் 'புரஃபின்தேர்ன்', அதாவது செந்தொழிற்சங்க அகிலம், என்று பெயர் மாற்றம் பெற்றது. கப்பல் இழந்த பெயரைக் குழந்தைகள் பெற்றார்கள்.

பெயரின் சுமை

1924இல் புகாரினின் மகள், 1926இல் ஸ்டாலினின் மகள், 1929இல் மொலட்டோவின் மகள். மூவருக்கும் ஸ்வெத்லானா என்றே பெயரிடப்பட்டது. அந்தப் பெயருக்கு அன்றைய தலைமுறை அளித்த நம்பிக்கையை இது காட்டுகிறது. அந்த வீடுகளின் பின்கதை ஒளிமயமானதாக இல்லை. புகாரின் 1938இல் மரண தண்டனைக்கு ஆளானார். 1988இல்தான் அவர்மீதான பழி நீக்கப்பட்டது. ஸ்டாலினின் மகள், இந்தியக் கம்யூனிஸ்டான பிரஜேஷ் சிங்கின் அஸ்தியோடு 1966 டிசம்பரில் இந்தியா வந்து, உத்தரப் பிரதேசத்தின் காலாகாங்கரில் தங்கி, 1967 மார்ச்சில் தில்லியிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் புகலிடம் கேட்டார். ஒரு நல்ல பெயர் நல்ல வரலாற்றுக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை.

சட்டமும் பின்னோக்கிச் சென்றது. கோடிக்கணக்கானோரைப் பலிகொண்ட போரின் நடுவே, 1944 ஜூலை 8 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை, பதிவு செய்யப்படாத உறவில் பிறந்த குழந்தையின் தந்தையைச் சட்டப்படி நிலைநாட்டும் உரிமையைத் தாயிடமிருந்து பறித்தது. பல குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்குரிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. 1968இல் வந்த குடும்பச் சட்டமே அந்நிலையைத் திருத்தியது. இதை மறைக்கவேண்டிய தேவை இல்லை. வென்ற உரிமையும் காவல் இல்லாவிடில் கைநழுவும் என்பது சோசலிசத்துக்காகப் போராடுபவர்கள் கற்கவேண்டிய பாடம்.

இந்தச் சுமைகளுக்கு நடுவிலும் பெயர் தன் ஒளியைச் சாதாரண மக்களிடமே பெற்றது. அர்காதி கைதாரின் 'நீலக் கிண்ணம்' கதையில் தந்தையோடு ஊரைச் சுற்றிவரும் சிறுமியின் பெயர் ஸ்வெத்லானா. 1984 ஜூலை 25 அன்று, சல்யூத்-7 விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே வந்து மூன்றரை மணி நேரம் விண்வெளியில் பணியாற்றினார் ஸ்வெத்லானா சவீத்ஸ்காயா. விண்வெளியில் நடந்த முதல் பெண் அவரே. பற்றவைப்புக் கருவியைக் கையில் பிடித்து அங்கே உலோகங்களை இணைத்துக் காட்டினார். மூன்று மாதங்களுக்கு முன், அதே ஏப்ரலில், அதே நிலையத்தில்தான் நமது ராகேஷ் சர்மா தங்கியிருந்தார். நாட்காட்டியில் இடம் கிடைக்காத பெயர் வான்வெளியில் இடம் பெற்றது.

திருச்சபையும் பின்னர் வழி கண்டது. ஒளி என்ற பொருளுடைய ஃபோதினா என்ற கிரேக்கப் பெயர்கொண்ட புனிதரை முன்னிட்டு, இன்று ஸ்வெத்லானாக்கள் திருமுழுக்கின்போது ஃபோதினா ஆகிறார்கள். மக்கள் ஏற்றதைப் பட்டியல் பின்தொடர்ந்தது.

இந்தியாவில் இந்தக் கேள்வி

இந்தியாவில் பெயரின் மீதான ஆதிக்கம் இன்னும் கொடியது. பிராமணனின் பெயர் மங்கலத்தையும், சத்திரியனின் பெயர் வலிமையையும், வைசியனின் பெயர் செல்வத்தையும், சூத்திரனின் பெயர் இழிவையும் குறிக்கவேண்டும் என்று மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் விதிக்கிறது. ரஷ்யாவின் வான்காக்களைப் போலவே, நமது கிராமங்களில் தாழ்த்தப்பட்ட முதியவரை ஆண்டை வீட்டுச் சிறுவனும் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்தான். நல்ல பெயர் வைத்துக்கொண்டதற்காகவே அடிபட்டவர்கள் உண்டு. சாதிப் பட்டங்களைத் துறக்கவேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது இந்த வரலாற்றின் ஒளிமிக்க பக்கம். கம்யூனிஸ்ட் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு லெனின் என்றும் வாலண்டினா என்றும் பெயரிட்டதில் வெளிநாட்டு மோகம் இல்லை. மனு விதித்த பட்டியலுக்கு வெளியே ஒரு பெயரைத் தேடியதன் வெளிப்பாடு அது.

தந்தை பெயருக்குரிய கட்டமும் இங்கே இன்னும் ஒரு தடையாகவே இருக்கிறது. மணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலேயே குழந்தையின் பாதுகாவலராகலாம் என்றும், அவர் கேட்டால் பிறப்புச் சான்றிதழ் வழங்கவேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015 ஜூலையில்தான். ரஷ்யாவில் 1917இல் ஓர் ஆணை தொட்ட இடத்தை இந்தியச் சட்டம் தொட ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. தீர்ப்பு வந்துவிட்டதால் மட்டும் பள்ளி அலுவலகத்தின் படிவமும், ரேஷன் கடையின் வரிசையும், ஊராரின் நாக்கும் மாறிவிடுவதில்லை.

தோழர்களே! பெயர் சிறிய செய்தி என்று கருதிவிடலாகாது. ஒரு குழந்தை இவ்வுலகில் பெறும் முதல் உடைமை அதுவே. அதையும் திருச்சபையோ சாதியோ சொத்துடைமையோ தன் கையில் வைத்திருந்தால், மற்ற உரிமைகளைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. கட்சிக் கிளைகள் இருக்கும் இடங்களில், கணவரின் பெயரை எழுத இயலாத ஒரு தாய் பிறப்புச் சான்றிதழுக்காக அலையும்போது அவருடன் அலுவலகம் வரை சென்று நிற்பதும், ஒரு முதியவர் பெயரைக் குறுக்கி இழிவாக அழைக்கப்படும்போது அதைத் தட்டிக் கேட்பதும் சிறிய வேலைகள் அல்ல. 1917 டிசம்பர் ஆணையின் தொடர்ச்சி அங்கேதான் இருக்கிறது.